ஏழாவது கட்டம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?

படிவத்தின் ஏழாவது கட்டம் இது. கேள்வியைத் தட்டச்சு செய்தவளே நான்தான். பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற ஆலயம், திருமணம் என்று மற்ற பதினொரு கட்டங்களையும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. காலியாக விட்டு, வந்து சேர்ந்த மற்ற படிவங்களோடு வைத்து ரப்பர் பேண்ட் போட்டேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி எட்வினின் குடும்பத்தார் எல்லோரும் ஞானதீபபுரத்தில் கூடுகிறார்கள். அதற்குள் வம்ச வரலாறு அச்சாக வேண்டும். முதலில் ஞானஸ்நானம் வாங்கிய பூட்டனாரிலிருந்து போன மாதம் பிறந்த பிள்ளை வரை நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். குழுவின் தலைவர் எட்வினின் மூத்த அண்ணன் எலியேசர் அத்தான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தொகுப்பவள் நான். மொழியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மருமகள் வீட்டில் இருக்கும்போது வெளியே எதற்கு ஆள் தேடுவது என்றாராம்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் எபிரெயப் பொருளைப் போட வேண்டும் என்பது அத்தானின் ஆசை. இந்தக் குடும்பத்தில் அது சின்ன வேலையில்லை. பூட்டனாரின் மகன், ஊரில் ஏற்கெனவே ஒன்பது யோவான் இருக்கிறார்கள் என்று எரிச்சலாகி, தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேதத்தின் வம்ச அட்டவணைகளில் இருந்து பெயர் எடுக்கத் தொடங்கினார். எல்லோரும் வாசிக்காமல் தாண்டிப் போகிற பக்கங்கள். அங்கே எடுத்தால் வேறு எவனுக்கும் இருக்காது. பழக்கம் பாதிக்குப் பாதி இன்னும் இருக்கிறது. பொருள் பார்த்து வைத்தவர் யாருமில்லை.

இரவு தோசை. மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 6

இறையியல் கல்லூரி நூலகத்தில் எபிரெய அகராதி கிடைத்தது. வெளியே எடுத்துப்போக ஒரு மாதம் அனுமதி. கனம் மூன்று கிலோ இருக்கும். எபிரெய எழுத்து படிக்கத் தெரியும், அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது என்று அத்தானிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவர் காதில் ஏறவில்லை.

நாற்பது பெயர் பார்த்தேன். பதினாறுக்கு 'பொருள் உறுதியில்லை' என்று போட்டிருக்கிறது. நானும் அப்படியே எழுதினேன்.

என் பெயருக்கு, எப்சிபா, 'என் பிரியம் இவள்மேல்'. உறுதியான பொருள். எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஆகஸ்ட் 9

மோட்டார் ரிப்பேர். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று ஐந்து வருடக் கோப்பு கேட்கிறார்கள். மூன்று வருடத்துக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எட்வின் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் கிலியோன் அத்தான் வந்தார். எட்வினின் பெரியப்பா மகன். ஞானதீபபுரத்தில் உரக்கடை, எழுபது வயது. படிவத்தைத் தபாலில் போட்டால் தொலைத்துவிடுவார்கள் என்று பஸ் ஏறிக் கையோடு கொண்டுவந்தார், ஒரு கட்டு முருங்கைக்காயும்.

தன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். உறுதியில்லை என்றேன். உறுதியில்லாததையாவது சொல்லு என்றார். நலிந்துகொண்டே போகிறவன் என்று ஒரு கருத்து இருக்கிறது என்றேன். அவர் தன் வயிற்றைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டுக் கிலோ.

"எங்க அண்ணன் மக்லோனுக்கு?"

"நோயாளி."

மக்லோன் அத்தான் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவர் நாற்காலி ஆட ஆடச் சிரித்தார்.

"ரூத் புஸ்தகத்துல ரெண்டாம் வசனத்துல அவனுவ பேரு வருது, அஞ்சாம் வசனத்துல ரெண்டு பேரும் செத்துப் போறானுவ. எங்க தாத்தா ரெண்டாம் வசனத்தோட புஸ்தகத்த மூடிட்டாரு போலுக்கு."

அச்சில் உறுதியில்லை என்றே போட்டுக்கொள்ளச் சொன்னார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு படிவத்தைப் பார்த்தேன். நிரப்பியிருப்பது அவர் மனைவி லேயாள் அக்கா. ஏழாவது கட்டத்தில் 7 என்று எழுதி, சந்தேகம் வராமல் இருக்க எழுத்தாலும் ஏழு என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர்களுக்குப் பிள்ளைகள் நான்கு.

ஆகஸ்ட் 15

எலியேசர் அத்தான் பள்ளியில் கொடியேற்றிவிட்டு நேரே இங்கே வந்தார். சட்டையில் காகிதக் கொடி குத்தியிருந்தது. முன்னுரையை வாசித்துக் காட்டினார். ஆதாமிலிருந்து நோவா வரை பத்துப் பெயர்களின் பொருளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு வாக்கியம் வருகிறதாம்: மனிதனுக்கு நியமிக்கப்பட்டது சாவும் துக்கமும், துதிக்கப்படுகிறவர் இறங்கிவந்து போதிப்பார், அவருடைய மரணம் நலிந்தோருக்கு இளைப்பாறுதல் தரும். மேடைகளில் பலகாலமாகச் சொல்லிவருகிற பிரசங்கம். பத்துப் பெயருக்குள் முழு நற்செய்தியும் ஒளிந்திருக்கிறது என்று முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

கேனானுக்குத் துக்கம் என்ற பொருள் அகராதியில் இல்லை என்றேன். உலோக வேலை செய்கிறவன் என்று இருக்கலாம். மெத்தூசலா ஈட்டிக்காரன். லாமேக்கு என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

"பத்துல மூணு தப்பு. அப்ப எழுபது மார்க். நான் பாஸ் போட்டுருவேன்" என்றார்.

அச்சில் என் பெயரும் வரும், தப்பென்று தெரிந்து போட முடியாது என்றேன். மருமகளுக்கு மூளை கொடுத்த கர்த்தர் கொஞ்சம் விசுவாசமும் கொடுத்திருக்கலாம் என்று எட்வினைப் பார்த்துச் சொன்னார். எட்வின் மின்விசிறி ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் இருபத்தெட்டு வருட வேலை. பேச்சு வளர்ந்தால் கைக்கு ஏதாவது சுவிட்ச் கிடைத்துவிடும்.

அத்தான் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த வரிசையில் ஆதாமுக்கு அடுத்த பெயர் சேத். சேத்துக்கு முன் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் கொன்றவன், ஒருவன் செத்தவன். செத்தவனுக்குச் சந்ததி இல்லை, அதனால் பட்டியலுக்கு அவன் தேவைப்படவில்லை. நாளாகமத்திலும் அப்படியே ஆதாம், சேத், ஏனோஸ் என்றுதான் தொடங்குகிறது.

இதை நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மகன் சேத் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். மூன்றாம் வருடம். இரண்டு பாடம் கஷ்டம், மற்றவை பரவாயில்லை. பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு பெயர்ப் பொருள் போடுகிறாரே, என் பெயருக்கு என்ன என்று கேட்டான்.

"ஒருத்தருக்குப் பதிலா வைக்கப்பட்டவன்."

"யாருக்குப் பதிலாம்மா?"

"ஆபேலுக்கு."

"சப்ஸ்டிட்யூட்டா? கரெக்ட்தான், டீம்லயும் என்னைப் பன்னிரண்டாவது ஆளாத்தான் வச்சிருக்கானுங்க."

ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.

அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் எட்வின். சின்னப் பெயர், பள்ளிக்கூடத்தில் எழுதச் சுலபம் என்றார். எனக்கும் சரியென்று பட்டது.

ஆகஸ்ட் 22

ஞானதீபபுரம் ஆலயப் பதிவேட்டின் நகல் வந்தது. கிலியோன் அத்தானுக்கும் லேயாள் அக்காவுக்கும் நான்கு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. மூன்று இல்லை.

ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிற பெயர் மட்டுமே புத்தகத்தில் வரும் என்பது விதி. ஆதாரம் இல்லாததை அச்சிட்டால் நாளைக்கு ஆளுக்கொரு கதையோடு வருவார்கள் என்று ஜூன் மாதக் கூட்டத்தில் சொன்னது நான். எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

அக்காவிடம் போனில் சொல்ல முடியாது. சனிக்கிழமை நேரில் போக வேண்டும்.

ஆகஸ்ட் 24, சனி

லேயாள் அக்கா கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். விதியைச் சொன்னேன். பதிவேட்டில் நான்குதான் இருக்கிறது என்றேன். நான் வகுப்பில் பேசுகிற குரல் அது, எனக்கே கேட்டது.

"ஏழு பெத்தேன். மூணு தங்கல. ஒண்ணு மூணு நாளு, ஒண்ணு பதினாறு நாளு, ஒண்ணு பொறந்து அழவே இல்ல. நாப்பது நாளு கழிச்சிதான கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவோம். அதுவரைக்கும் இருந்தாத்தான உங்க பதிவேட்டுல ஏறும்?"

அவசர ஞானஸ்நானம் என்று ஒன்று உண்டு, வீட்டில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் தெளித்துக் கொடுக்கலாம் என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அந்த நேரத்துல எவளுக்குத் தோணும்? தண்ணியத் தெளிச்சா, சாகப்போவுதுன்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிராதா?"

கோழி ஒன்று என் செருப்பைக் கொத்திக்கொண்டிருந்தது.

"எழுதுத, எழுதாமப் போற, அது உங்க பெரிய மனுசங்க இஷ்டம். நீ உன் படிவத்துல எத்தனை போட்ட?"

இன்னும் எழுதவில்லை என்றேன்.

"ஏன், டாக்டருக்கு எண்ணத் தெரியாதோ?"

எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஆறு முட்டையைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு போ என்றார். ஒன்று உடைந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தேதி வரிசை விட்டுப்போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2002, பிப்ரவரி 11. ஆண். இரண்டு கிலோ நூறு கிராம். பிறந்ததிலிருந்து மூச்சு சரியில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஐந்து நாள். லேயாள் அக்கா ஞானதீபபுரத்திலிருந்து வந்து வார்டு வராந்தாவில் பாய் போட்டுக் கூடவே இருந்தார். அப்போது அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்கவும் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்தார். எங்கள் சபைதான். குனிந்து மெதுவாகக் கேட்டார். ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா அம்மா, நானே கொடுக்கலாம், ஒரு டம்ளர் தண்ணீர் போதும், பெயர் மட்டும் சொல்லுங்கள் என்றார்.

வேண்டாம் என்றேன்.

தண்ணீரால் நுரையீரல் சரியாகுமா என்றும் கேட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

பதினாறாம் தேதி காலை ஆறு பத்து. கல்லறைத் தோட்டத்தில் வடக்குச் சுவர் ஓரம். மணி அடிக்கவில்லை. கையில் கட்டியிருந்த அடையாளத் துண்டில் தாயின் பெயர்தான் இருந்தது, எப்சிபாவின் குழந்தை என்று.

சேத்துக்கு இது தெரியாது. எட்வினும் நானும் இதைப் பேசிக்கொண்டதில்லை.

ஆகஸ்ட் 27

1 நாளாகமம், மூன்றாம் அதிகாரம். தாவீதின் பிள்ளைகள். எருசலேமில் பத்சேபாளிடம் பிறந்தவர்கள் நான்கு பேர் என்று எண்ணிக்கையோடு இருக்கிறது. முதலில் பிறந்து ஏழாம் நாள் செத்த பிள்ளை அந்த எண்ணிக்கையில் இல்லை. எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்குக்கு ஒரு நாள் குறைந்துவிட்டது. சாமுவேலின் புத்தகத்தில் அந்தப் பிள்ளைக்காகத் தாவீது தரையில் கிடந்தது ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. பெயர் அங்கேயும் இல்லை.

இதை எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. நம் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் இருக்க வழியில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 30

நான்கு ஆலயங்களின் பதிவேடுகள் முடிந்துவிட்டன. பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயத்தினுடையது மட்டும் பாக்கி. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, கடைசிக்கு வைத்திருந்தேன். இன்று போனேன். 1996 முதல் 2010 வரை ஒரே புத்தகம்.

திரும்பும்போது மழை. குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 31

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எட்வின் கோவிலுக்குப் போனார். போகும் வழியில் குடையை வாங்கிவரச் சொன்னேன். ஆலய அலுவலகத்தில் உனக்கு என்ன வேலை என்றார். பதிவேடு என்றேன். சரி என்றார். சட்டையின் மேல் பட்டனைப் போட அவருக்கு நேரம் பிடித்தது.

குடையைக் கொண்டுவந்தார்.

செப்டம்பர் 3

பதிவேட்டில் இருந்ததை எழுதுகிறேன். அகராதிக் குறிப்புகளோடு இதுவும் இருக்க வேண்டும்.

வரிசை எண் 41. வருடம் 2002. பிறந்த நாள் பிப்ரவரி 11. ஞானஸ்நானம் பிப்ரவரி 14. பெயர்: ஆபேல். தகப்பன் பெயர்: எட்வின். தாய் பெயர்: எப்சிபா. கொடுத்தவர் என்ற கட்டத்தில்: அவசர ஞானஸ்நானம், தகப்பனால். ஓரத்தில் அப்போதைய போதகரின் கையெழுத்து.

நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில், மற்றவற்றைப் போலவே நீல மையில்.

அகராதி: ஆபேல். மூச்சு, ஆவி, காற்று. காயீனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஏவாள் சொல்கிறாள், சேத்துக்கும் சொல்கிறாள். ஆபேலுக்குச் சொல்லவில்லை.

இன்று மூன்று வகுப்பு. மூன்றும் எடுத்தேன்.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம் என்று மாணவிகள் பேனா கொடுத்தார்கள். அதில்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் எட்வின் மிக்சியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொன்றாம் எண்ணைப் பார்த்தேன் என்றேன். எந்த நாற்பத்தொன்று என்று அவர் கேட்கவில்லை. ஸ்குரூ ஒன்றைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

நர்ஸ் என்னிடம் கேட்ட பிறகு அவரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். நான் வேண்டாம் என்றதையும் சொல்லியிருக்கிறார்.

"உனக்கு வேண்டாம். எனக்கு வேணும்போல இருந்துச்சு. நீ தூங்கிட்டிருந்த. டம்ளர்ல தண்ணி கொண்டுவந்தாங்க. பெட்டியோட ஓட்டை வழியா மூணு சொட்டுதான் விட முடிஞ்சுது."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ சண்டை போடமாட்ட. ஒண்ணும் சொல்லமாட்ட. அதுக்குத்தான் பயந்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அந்தப் பெயர் ஏன் என்று கேட்டேன்.

"பேர் என்னன்னு கேட்டாங்க. ஒண்ணும் வரல. பைபிள்ல முதல்ல செத்தது அவன்தான, அது வாயில வந்துட்டு."

"சேத்?"

"ஆமா. அது யோசிச்சு வச்சதுதான்."

இருபது வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் கூப்பிட்ட பெயர். போன மாதம் அதன் பொருளை என் கையாலேயே எழுதினேன்.

ஆபேலுக்கு என்ன பொருள் என்று அவர் கேட்டார். பார்க்க வேண்டும் என்றேன். ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

மிக்சி ஓடுகிறது. கொஞ்சம் சத்தம் கூடியிருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி விடுமுறை. எலியேசர் அத்தானுக்குப் போன் செய்து சொன்னேன். சபைப் பதிவேட்டில் இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று வரிசை எண்ணோடு சொன்னேன். போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. தம்பி என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார் கடைசியில். குரல் தலைமையாசிரியர் குரலாக இல்லை.

பிறகு சரியாகிவிட்டார். பதிவு இருக்கிறது அல்லவா, விதிப்படி சேர்க்க வேண்டியதுதான், சேர்த்துவிடு என்றார். அப்படியானால் லேயாள் அக்காவின் மூன்று பிள்ளைகள் என்று கேட்டேன். அதற்குப் பதிவு இல்லையே என்றார்.

"நீ போட்ட விதிம்மா அது."

ஆமாம் என்றேன். அந்த மூன்றும் வராவிட்டால் இதுவும் வேண்டாம் என்றேன். ஏழாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

பிடிவாதம் பிடிக்காதே, திங்கட்கிழமை அச்சகத்தில் பேசிக்கொள்வோம், அன்றைக்குப் பக்கங்களை முடித்தாக வேண்டும் என்று வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் கொழுக்கட்டை கொடுத்தார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாளைக்கு அத்தானிடம் என்ன சொல்வது என்று யோசித்து எழுதிப் பார்த்தேன். விதி தவறு, ஆதாரம் என்பதை நான் குறுக்கிப் புரிந்துகொண்டேன், பெற்றவள் சொல்வதும் ஆதாரம்தான் என்று. மூன்று பத்தி வந்தது. வாசித்தபோது குழுவுக்குக் கொடுக்கிற அறிக்கை மாதிரி இருந்தது.

அவர் சம்மதிக்காவிட்டால் ஆபேலின் பெயரைச் சேர்க்காமல் விட வேண்டும். விடுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் ஒரு வரி அது. இத்தனை வருடம் இல்லாமல்தான் இருந்தது.

எட்வினிடம் சொன்னேன். நானும் வருகிறேன் என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

நடந்தது இவ்வளவுதான்.

பத்து மணிக்கு அச்சகம் போனோம். எலியேசர் அத்தான் எங்களுக்கு முன்பே வந்து, பக்கம் அமைக்கிற மெர்லின் என்ற பெண்ணின் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கைப்பையிலிருந்து மூன்று பத்தியை எடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மெர்லினிடம் ஒரு குடும்பக் கட்டத்தில் எத்தனை பிள்ளைகள் அடங்கும் என்று கேட்டார். எட்டு வரைக்கும் வரும் சார் என்றாள்.

"அப்ப கிலியோன் வீட்டுக்கு ஏழு போடு."

என்னிடம் திரும்பி, காலையில் ஆறு மணிக்கு லேயாள் போன் செய்து அரை மணி நேரம் பேசினாள் என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் உனக்கு எதுக்கு என்றார். காது சிவந்திருந்தது. பிறகு விரலைத் தூக்கி, ஆனால் முன்னுரையில் நீ கை வைக்கக் கூடாது, பத்துப் பெயரும் நான் எழுதினபடியே வரும் என்றார்.

கேனானுக்குத் துக்கம் என்று பொருளில்லை. என் பெயர் போட்ட புத்தகத்தில் அப்படித்தான் அச்சாகும். சரி என்றேன்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மூன்று பெயர்கள் வேண்டும் என்றாள் மெர்லின். எட்வின் வாசலுக்குப் போய் லேயாள் அக்காவுக்குப் போன் செய்து, அங்கிருந்தே எங்களுக்குச் சொன்னார். செல்லத்துரை. ரோசி. மூன்றாவதற்குப் பெயர் வைக்கவில்லை, பெண் பிள்ளை.

"பேர் இல்லாததை எப்படி மேடம் போட?"

பெண் என்று போடச் சொன்னேன். போட்டாள். மூன்றுக்கும் பொருள் கட்டத்தைக் காலியாக விட்டாள். எட்வின் போனை வைக்கவில்லை. அக்கா வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார் போல, தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

மெர்லின் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"மேடம், உங்க வீட்டுக்கு ஏழாவது கட்டம் காலியா இருக்கு. பிள்ளைங்க எத்தனைன்னு போட?"

"ரெண்டு."

தட்டினாள். பெயர்களைக் கேட்டாள், வரிசையாகச் சொன்னேன். அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் பெயருக்கு என்ன பொருள் போட வேண்டும் என்று கேட்டாள்.

"மூச்சு" என்றேன்.

வாசலில் எட்வின் காதிலிருந்து போனை எடுத்தார். அதற்குள்ளிருந்து லேயாள் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தது இங்கே வரைக்கும் கேட்டது.